உதைபந்தாட்டத் திடலிலும் ஒரு தராசு



குடும்ப சஞ்சிகையில் உதைபந்தாட்டத்துக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை உலகக் கிண்ணம் வரும்போது நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். பதுளை நகரம் மட்டுமல்ல, பசறை, லுணுகலை, ஹாலி-எல, பண்டாரவளை, வெலிமடை, குருத்தலாவை என்று நாம் வாழும் எந்த ஊரை எடுத்தாலும் கதை ஒன்றுதான். வாப்பாவும் மக்களும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். உம்மா தேநீர் ஊற்றிக் கொடுத்தே களைத்துப் போகிறார். மேலே தோட்டத்து லயங்களிலும் இதே காட்சிதான். சமதரையாகச் சிறு துண்டு நிலம் கிடைத்தால் போதும், மாலையில் இளைஞர்கள் பந்தை உதைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வீட்டுக்குள் இவ்வளவு தூரம் வந்துவிட்ட ஒரு விஷயத்தைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசத் தெரிந்திருப்பது பெற்றோரின் கடமை அல்லவா?

அதற்காக ஒரே ஒரு ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2025 டிசம்பர் 5ஆம் திகதி வாஷிங்டன் நகரில் 2026 உலகக் கிண்ணத்துக்கான சீட்டுக் குலுக்கல் நடந்தது. அதில் 'ஜே' பிரிவில் விழுந்த பெயர்கள் நான்கு: ஆர்ஜென்டினா, அல்ஜீரியா, ஒஸ்திரியா, ஜோர்தான். இந்தப் பிரிவின் கடைசி நாள் ஆட்டமாக அல்ஜீரியாவும் ஒஸ்திரியாவும் மோதுவதாக அட்டவணை வெளியானது. இடம் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி. நாள் ஜூன் 27, சனி இரவு. நமது நாட்டுக் கணக்கில் அது ஜூன் 28, ஞாயிறு காலை 7.30 மணி.

பெரிய நட்சத்திரங்கள் மோதும் ஆட்டங்கள் எத்தனையோ இருக்க, இதை ஏன் தேர்ந்தெடுத்தோம்? இந்த இரு நாடுகளின் பெயரும் ஒரே பிரிவில் சேர்ந்து வந்ததும், விளையாட்டு வரலாறு தெரிந்தவர்களின் மனம் நேராக 1982ஆம் ஆண்டுக்குத்தான் போயிருக்கும். அந்த ஆண்டு நடந்ததைத் தெரிந்துகொண்டால், இந்த ஆட்டம் நம் பிள்ளைகளுக்கு ஒரு பாடப் புத்தகமாகிவிடும்.

அன்று நடந்தது என்ன?

1982ஆம் ஆண்டு, நம் நாட்டில் ரூபவாஹினி தொடங்கிய ஆண்டு. அந்த ஜூன் மாதம் ஸ்பெயின் நாட்டில் உலகக் கிண்ணம் நடந்தது. முதன்முறையாக 24 நாடுகள் கலந்துகொண்டன. அல்ஜீரியாவுக்கு அதுவே முதல் உலகக் கிண்ணம். பிரான்சின் ஆட்சியிலிருந்து அந்த நாடு விடுதலை பெற்று அப்போது 20 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

அந்த அணியின் பயிற்சியாளர்களில் ஒருவர் ரஷீத் மெக்லூஃபி. இவருடைய கதையைத் தனியாகவே எழுதலாம். 1958இல் பிரான்சில் பேரும் புகழுமாக விளையாடிக்கொண்டிருந்த இளைஞர் அவர். அந்த ஆண்டின் உலகக் கிண்ணத்தில் பிரான்ஸ் அணிக்காக ஆடும் வாய்ப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை உதறிவிட்டு, வேறு சில அல்ஜீரிய வீரர்களோடு இரகசியமாக வெளியேறி, விடுதலை இயக்கத்தின் அணியில் சேர்ந்தார். சொந்த லாபத்தைவிடப் பெரியது ஒன்று உண்டு என்று காட்டிய மனிதர்.

1982இல் அல்ஜீரியாவின் பிரிவில் மேற்கு ஜேர்மனி, ஒஸ்திரியா, சிலி ஆகியவை இருந்தன. மேற்கு ஜேர்மனி அப்போதைய ஐரோப்பியச் சம்பியன். அல்ஜீரியாவை அவர்கள் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. ஆனால் ஜூன் 16ஆம் திகதி கிஹோன் நகரில் நடந்த ஆட்டத்தில் ராபாஹ் மாஜர் முதல் கோலை அடித்தார். ஜேர்மனியின் ருமெனிகே அதைச் சமன் செய்தார். அடுத்த நிமிடமே லக்தர் பெல்லூமி இரண்டாவது கோலைப் போட்டார். அல்ஜீரியா 2-1 என்று வென்றது! உலகக் கிண்ணத்தில் ஓர் ஆபிரிக்க நாடு ஐரோப்பிய நாடொன்றைத் தோற்கடித்தது அதுவே முதல் தடவை.

அடுத்து ஒஸ்திரியாவிடம் 0-2 என்று தோற்றார்கள். ஜூன் 24ஆம் திகதி சிலியை 3-2 என்று வென்றார்கள். அத்தோடு அல்ஜீரியாவின் மூன்று ஆட்டங்களும் முடிந்தன. மேற்கு ஜேர்மனியும் ஒஸ்திரியாவும் மோதும் ஆட்டம் மட்டும் மறுநாளுக்கு மீதி இருந்தது. குழப்பம் அங்கேதான் பிறந்தது.

கணக்குப் போட்டு வைத்த ஆட்டம்

பிள்ளைகளை ஒரு கடதாசியும் பென்சிலும் எடுத்து வரச் சொல்லுங்கள். அக்காலத்தில் வெற்றிக்கு 2 புள்ளிகள். அல்ஜீரியாவுக்கு 4 புள்ளிகள். அடித்த கோல் 5, வாங்கிய கோல் 5. ஒஸ்திரியாவுக்கு ஏற்கனவே 4 புள்ளிகள். அடித்தது 3, வாங்கியது எதுவுமில்லை. மேற்கு ஜேர்மனிக்கு 2 புள்ளிகள் மட்டுமே. பிரிவிலிருந்து இரண்டு அணிகள்தான் மேலே போகலாம்.

ஜேர்மனி தோற்றாலோ சமநிலையில் முடித்தாலோ, ஜேர்மனி வெளியே, அல்ஜீரியா உள்ளே. ஜேர்மனி 3-0 என்று வென்றால் ஒஸ்திரியாவின் கோல் வித்தியாசம் அல்ஜீரியாவோடு சமமாகிவிடும். கூடுதலாக கோல் அடித்திருந்த அல்ஜீரியா உள்ளே போகும், ஒஸ்திரியா வெளியே. ஆனால் ஜேர்மனி 1-0 என்றோ 2-0 என்றோ வென்றால் மூன்று அணிகளுக்கும் 4 புள்ளிகள் ஆகும். கோல் வித்தியாசத்தில் ஜேர்மனியும் ஒஸ்திரியாவும் மேலே போகும். அல்ஜீரியா மட்டும் வீட்டுக்குப் போகும்.

ஜூன் 25ஆம் திகதி அதே கிஹோன் மைதானம். 10ஆவது நிமிடத்தில் ஹ்ரூபெஷ் என்ற வீரர் ஜேர்மனிக்கு ஒரு கோல் அடித்தார். கணக்குச் சரியாகிவிட்டது. அதன் பிறகு, குறிப்பாக இடைவேளைக்குப் பின், எஞ்சிய நேரம் முழுவதும் இரண்டு அணிகளும் பந்தைத் தமக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தன. கோல் அடிக்க வேண்டும் என்ற எண்ணம் இரு பக்கமும் தென்படவில்லை. ஆட்டம் 1-0 என்று முடிந்தது.

அரங்கில் இருந்த ஸ்பெயின் நாட்டவர் வெள்ளைக் கைக்குட்டைகளை அசைத்துத் தம் வெறுப்பைக் காட்டினார்கள். அல்ஜீரிய ரசிகர்கள் பணத்தாள்களை உயர்த்திக் காட்டினார்கள். ஒஸ்திரிய வர்ணனையாளரே மனம் பொறுக்காமல், தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள் என்று நேயர்களிடம் கேட்டுக்கொண்டார். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று அந்த ஆட்டத்தின் செய்தியைக் குற்றச் செய்திகளின் பக்கத்தில் பிரசுரித்தது. முந்திய நாளே தம் ஆட்டங்களை முடித்துவிட்ட அல்ஜீரிய வீரர்களோ, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் பார்த்திருக்க மட்டுமே முடிந்தது.

அல்ஜீரியா முறைப்பாடு செய்தது. உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான 'பிஃபா' அதை ஏற்கவில்லை. விதி எதுவும் மீறப்படவில்லை என்றார்கள். உண்மைதான். மெதுவாக ஆடக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. இரு அணியும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டன என்பதற்கும் நிரூபணம் கிடைக்கவில்லை. ஆனால் பார்த்தவர் எல்லோருக்கும் அது என்ன என்று தெரிந்தது.

சட்டம் மீறப்படாமலே அநியாயம் நடக்க முடியுமா? முடியும் என்பதற்குக் கிஹோன் ஓர் உதாரணம்.

தோட்டத்துத் தராசு

நேயர்களே, இதைப் புரிந்துகொள்ள ஊவா மாகாணத்தில் வாழும் நமக்கு ஸ்பெயின் வரை போக வேண்டியதில்லை. நாள் முழுவதும் மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்த தோட்டத்துப் பெண், கூடையோடு நிறுக்கும் இடத்துக்கு வருகிறாள். ஈரத்துக்கு இவ்வளவு கழிவு, சாக்குக்கு இவ்வளவு கழிவு என்று அவள் பறித்ததிலிருந்து சில கிலோ வெட்டப்படுவது பற்றிய மனக்குறை, தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருவது. கேட்டால், நடைமுறை அப்படித்தான் என்று பதில் வரும். புத்தகத்தில் எல்லாம் சரியாகவே எழுதப்பட்டிருக்கும். அவளுடைய கைக்குத்தான் தெரியும், கூடையில் எவ்வளவு பாரம் இருந்தது என்று.

அதே பெண் மாதச் சம்பளத்தை எடுத்துக்கொண்டு அரிசியும் மாவும் பருப்பும் வாங்க எங்கே வருகிறாள்? பெரும்பாலும் நமது பஸார் கடைகளுக்குத்தான். அங்கேயும் ஒரு தராசு இருக்கிறது. அங்கேயும் ஒரு கடன் கொப்பி இருக்கிறது. அந்தத் தராசும் கொப்பியும் நேராக இருக்கின்றனவா என்ற கேள்வி, தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைக் குறை சொல்லுமுன் நம்மிடம் நாமே கேட்க வேண்டியது.

அளவையில் மோசடி செய்பவர்களைப் பற்றித் திருக்குர்ஆனில் ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. 83ஆவது அத்தியாயமான ஸூரத்துல் முதஃப்பிஃபீன்தான் அது. தமக்கு வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கிக்கொண்டு, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்து அளப்போருக்கு அல்லாஹ் அதில் கேட்டை அறிவிக்கிறான். கவனியுங்கள்: அந்த மனிதர்களுக்கு நிறைவான அளவு எது என்று தெரியாமல் இல்லை. தமக்கு வரவேண்டியது என்றால் அவர்களுக்குச் சரியான அளவு நன்றாகத் தெரியும். ஒரே கையில் இரண்டு அளவு வைத்திருப்பதுதான் அவர்களுடைய குற்றம்.

மூடிய துவாரம் மீண்டும் திறந்தது

கிஹோனில் நடந்த அவமானத்துக்குப் பிறகு ஒரு நல்ல மாற்றம் வந்தது. 1986 உலகக் கிண்ணத்திலிருந்து, ஒரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடத்தப்படுகின்றன. ஓர் ஆட்டத்தின் முடிவைப் பார்த்துவிட்டு மற்றதில் கணக்குப் போடுவதைத் தடுக்கும் ஏற்பாடு அது. அல்ஜீரியாவுக்கு நியாயம் கிடைக்கவில்லை. ஆனால் அதன் இழப்பினால் பின்னால் வந்த எல்லா நாடுகளுக்கும் ஒரு பாதுகாப்புக் கிடைத்தது.

2026இன் ஏற்பாட்டில் அந்தப் பாதுகாப்பில் ஒரு துவாரம் விழுந்தது. 48 நாடுகள், நான்கு நாடுகள் கொண்ட 12 பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு அணிகளோடு, மூன்றாம் இடம் பெறும் 12 அணிகளில் சிறந்த எட்டும் அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்பது விதி. பிரிவுகளின் கடைசி ஆட்டங்கள் ஜூன் 24 முதல் 27 வரை நான்கு நாட்களுக்குப் பரவிக் கிடந்தன. அட்டவணையில் எல்லாவற்றுக்கும் கடைசியாக வைக்கப்பட்டது 'ஜே' பிரிவு. அதாவது அல்ஜீரியாவும் ஒஸ்திரியாவும் மைதானத்தில் இறங்கும் நேரத்தில் மற்ற 11 பிரிவுகளின் கணக்கும் அவர்கள் கைக்கு வந்திருக்கும்!

ஓர் உதாரணம் பார்ப்போம். இப்போது வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி. இந்த இரு அணிகளும் முதல் இரண்டு ஆட்டங்களில் ஒன்றை வென்று ஒன்றைத் தோற்று, ஆளுக்கு 3 புள்ளிகளோடு வந்தால், ஒரு சமநிலை இருவரையும் 4 புள்ளிக்கு உயர்த்தும். மூன்றாம் இடத்து அணிகளையும் மேலே அனுப்பும் இதே மாதிரியான முறை ஐரோப்பியக் கிண்ணத்தில் 2016, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் இருந்தது. அந்த மூன்று தடவையும் 4 புள்ளி பெற்ற எந்த மூன்றாம் இடத்து அணியும் வெளியேறவில்லை. ஆகவே மோதிப் பார்ப்பதை விட்டுப் பந்தை உருட்டிக்கொண்டிருக்கும் ஆசை இரு பக்கமும் எழக்கூடும். அப்படி நடந்தால் பாதிக்கப்படுவது யார்? வேறொரு பிரிவில் மூன்று ஆட்டங்களையும் முடித்துவிட்டு, விடுதி அறையில் துஆக் கேட்டுக்கொண்டு காத்திருக்கும் ஏதோ ஓர் அணி. 1982இல் அல்ஜீரியா இருந்த இடத்தில், இப்போது வேறொருவர்.

இரு அணிகளும் ஒரு பார்வை

அல்ஜீரியா 2014க்குப் பிறகு உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. 2014இல் அவர்கள் முதன்முறையாகப் பிரிவு ஆட்டங்களைத் தாண்டினார்கள். நோன்பு மாதத்தின் தொடக்க நாட்களில், ஜூன் 30ஆம் திகதி, அதே ஜேர்மனியை எதிர்த்து மேலதிக நேரம் வரை போராடி 1-2 என்று தோற்றார்கள். அந்த ஆண்டுக் கிண்ணத்தை வென்றது ஜேர்மனிதான் என்பதை நினைத்தால் அந்தத் தோல்வியின் பெருமை புரியும். 2026க்கான தகுதிச் சுற்றில் அவர்களை வழிநடத்தியவர் சரயேவோவில் பிறந்த பெட்கோவிச். அச்சுற்றில் முஹம்மத் அமூரா என்ற இளைஞர் 10 கோல்கள் அடித்து ஆபிரிக்காவிலேயே முதலிடம் பெற்றார். அணித் தலைவர் ரியாத் மஹ்ரெஸை அறியாத பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்க மாட்டார்கள்.

ஒஸ்திரியாவின் காத்திருப்பு இன்னும் நீண்டது. 1998க்குப் பிறகு, 2025 நவம்பரில் வியன்னாவில் பொஸ்னியாவோடு 1-1 என்று சமநிலை கண்டு தகுதி பெற்றார்கள். பயிற்சியாளர் ராங்னிக் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த முறை, எதிரணி நிமிர்ந்து பார்க்குமுன் நெருக்கிப் பந்தைப் பறிப்பது. 2024 ஐரோப்பியக் கிண்ணத்தில் பிரான்ஸ், நெதர்லாந்து ஆகிய இரண்டையும் பின்தள்ளித் தம் பிரிவில் முதலிடம் பிடித்தவர்கள் இவர்கள். 1982இல் நடந்ததற்கு இந்த இளைஞர்கள் பொறுப்பாளிகள் அல்லர். தந்தையர் காலத்துப் பழியை மக்கள் தலையில் சுமத்துவது நமது மார்க்கம் காட்டிய வழி அல்ல.

இதே நேரத்தில் டலஸ் நகரில் ஜோர்தானும் நடப்புச் சம்பியனாக வந்த ஆர்ஜென்டினாவும் மோதுவதாக அட்டவணை சொன்னது. ஜோர்தானுக்கு இது முதல் உலகக் கிண்ணம். 1982இல் அல்ஜீரியா புதிதாக வந்து நின்றதைப் போல.

யாருக்கு ஆதரவு?

இப்போது கட்டுரையின் மையக் கேள்விக்கு வருவோம். அல்ஜீரியா முஸ்லிம் நாடு; ஆகவே நம் ஆதரவு அவர்களுக்கு என்று பிள்ளைகள் சொல்வார்கள். சொல்லட்டும், அதில் தவறில்லை. ஆனால் அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "மகனே, ஒரு சமநிலை போதும் என்ற நிலை அல்ஜீரியாவுக்கு வந்து, அவர்களும் பந்தை உருட்டிக்கொண்டிருந்தால், அப்போது என்ன சொல்வாய்? 1982இல் அவர்களுக்கு நடந்ததை அநியாயம் என்றோமே, அதையே அவர்கள் இன்னொருவருக்குச் செய்தால் அதற்குப் பெயர் என்ன?"

பிள்ளை கொஞ்சம் தடுமாறும். தடுமாறட்டும். அந்தத் தடுமாற்றத்தில்தான் நீதியுணர்வு பிறக்கிறது.

ஸூரத்துன் நிஸாவின் 135ஆவது வசனம் நம்மை நீதியில் நிலைத்து நிற்கும்படி பணிக்கிறது. அந்த நீதி நமக்கே பாதகமாக இருந்தாலும், பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமாக இருந்தாலும், அதை விடக்கூடாது என்பது அதன் கருத்து. நபி (ஸல்) அவர்கள் ஒரு முறை, சகோதரன் அநியாயம் செய்பவனாக இருந்தாலும் அநியாயத்துக்கு ஆளானவனாக இருந்தாலும் அவனுக்கு உதவும்படி கூறினார்கள். ஆளானவனுக்கு உதவுவது புரிகிறது, அநியாயம் செய்பவனுக்கு எப்படி உதவுவது என்று தோழர்கள் வியந்து கேட்டார்கள். அவனை அந்த அநியாயத்திலிருந்து தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கம் வந்தது. புகாரியில் பதிவான செய்தி இது.

ஆதரவு என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கம் உண்டா? நம் அணி எதைச் செய்தாலும் கை தட்டுவது ஆதரவு ஆகாது. நம் அணி நேர்மையாக விளையாட வேண்டும் என்று விரும்புவதும், அதற்காகத் தோற்றாலும் தலை நிமிர்ந்து நிற்பதுமே ஆதரவு. சொந்தப் புகழை உதறிவிட்டு வந்த ரஷீத் மெக்லூஃபியின் நாட்டிடம் நாம் அதைத்தான் எதிர்பார்க்கலாம். நம் ஊர்ப் பாடசாலை அணிகளிடமும், தோட்டத்து இளைஞர் அணிகளிடமும் அதையே எதிர்பார்க்கலாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

உலகக் கிண்ணம் எந்த ஆண்டில் வந்தாலும் நம் வீடுகளுக்குப் பொருந்தும் சில விஷயங்களைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, நேரம். அமெரிக்கக் கண்டத்தில் நடக்கும் ஆட்டங்கள் நமக்கு நள்ளிரவிலும் அதிகாலையிலும் காலையிலும் வரும். ஆட்டத்துக்காக எழும்பிய கண், ஸுபஹ் தொழுகைக்கு மூடிக்கொண்டால் நட்டம் நமக்குத்தான். ஞாயிறு காலை என்றால் அஹதிய்யா வகுப்பும் இருக்கிறது. ஆட்டமா, அஹதிய்யாவா என்ற சண்டையை அன்று காலை வரை வைத்திருக்காதீர்கள். முதல் நாளே பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசி முடிவெடுத்து, எடுத்த முடிவில் நில்லுங்கள். வாக்கைக் காப்பாற்றுவதும் ஒரு பாடமே.

இரண்டாவது, பந்தயம். சும்மா ஒரு தேநீருக்கு, ஒரு கொத்து ரொட்டிக்கு என்று தொடங்கும் பந்தயம் கைத்தொலைபேசி வழியாகப் பணப் பந்தயமாக மாற அதிக நாள் எடுப்பதில்லை. சூதாட்டம் ஹராம் என்பதில் இரண்டு கருத்து இல்லை. தோட்டத்து வீடுகளிலும் பஸார் வீடுகளிலும் அடுப்பு எரிய வேண்டிய பணம் அது. மகனின் முகம் ஓர் ஆட்டத்தின் முடிவுக்கு அளவுக்கு மீறி வாடினால், பெற்றோரே, மெதுவாக அருகில் அழைத்து விசாரியுங்கள்.

மூன்றாவது, பெண் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியது நமக்குத் தெரிந்த செய்தி. புள்ளிக் கணக்குப் போடுவதிலும், நியாயம் பேசுவதிலும் மகளுக்கும் மகனுக்கும் ஒரே இடம் கொடுங்கள்.

அல்ஜீரியாவும் ஒஸ்திரியாவும் எத்தனை முறை மோதினாலும், கோல் கணக்கு சில ஆண்டுகளில் மறந்துபோகும். 1982இல் மேற்கு ஜேர்மனி இறுதி ஆட்டம் வரை போய் இத்தாலியிடம் 1-3 என்று தோற்றது. அந்த இறுதி ஆட்டத்தைவிட, கிஹோனில் அவர்கள் வென்ற விதத்தையே உலகம் அதிகம் பேசுகிறது. வென்றவர் பெயரை விட வென்ற விதம் நீண்ட காலம் வாழ்கிறது.

நமது தராசுகளுக்கும் அப்படித்தான். கடையில் அரிசி நிறுக்கும் தராசும், தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் தராசும், பிள்ளைகளின் சண்டையில் வாப்பாவும் உம்மாவும் பிடிக்கும் தராசும் நேராக இருக்கட்டும். பிறர் நமக்குக் குறைத்தபோது நாம் கேட்ட நியாயத்தை, நாம் பிறருக்குக் கொடுக்கும் இடத்திலும் மறவாதிருக்க எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக. ஆமீன்.